ஐந்தில் நின்றவள்

என் மனைவி மழலையர் வகுப்பு ஆசிரியை. போன வருடம் போய்ச் சேரும்வரை இருபத்தாறு வருடம் ஒரே அறையில் பாடம் நடத்தினாள். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் மருந்துக் கடைக்காரன். டாக்டர்களின் கிறுக்கலையே படிப்பவனுக்கு அது பெரிய காரியமில்லை. அதனால் வருடக் கடைசியில் பிள்ளைகளின் மதிப்பீட்டு அட்டைகளை நான்தான் படியெடுத்துக் கொடுப்பேன்.

தேர்வு என்று அவள் எதுவும் வைக்கமாட்டாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன நோட்டு தொங்கும். பிள்ளைகள் மணி கோக்கும்போதும் செருப்பு மாட்டும்போதும் அடித்துக்கொள்ளும்போதும் கண்ணில் பட்டதை அதில் எழுதுவாள். 'கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தால் வெட்டுகிறாள்.' மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள்.

ஒரு வருடம் வகுப்பில் பட்டாணி என்று ஒரு குட்டிப் பெண் இருந்தாள். முகம் அப்படி உருண்டையாக இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அம்மா சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். பட்டாணியைப் பற்றி நோட்டில் இருந்தது இதுதான்: 'ஐந்தில் நின்றாள். உதட்டைக் குவித்தாள். என்னைப் பார்த்தாள்.' அட்டையில் கட்டம் சின்னது. நான் அதில் 'ஐந்து வரை எண்ணுகிறாள்' என்று அழகாக எழுதினேன்.

பத்து வரை எண்ணத் தெரியாத பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்பது தலைமையாசிரியை போட்ட விதி. இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்காரட்டும் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள். புதன்கிழமை மாலை பட்டாணியின் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனதாக வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்.

"வீட்ல இருபது வரைக்கும் சொல்றாளாம். பெரிய டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? வீட்ல எல்லாப் பிள்ளையும் மேதைதானாம்."

அட்டையை என் முன்னால் போட்டாள்.

"உதட்டைக் குவிச்சான்னு எழுதியிருந்தேனே. அது எங்க?"

"கட்டத்துல இடம் இல்லம்மா."

"மருந்துச் சீட்டுல இடம் இல்லன்னா பாதி மருந்தை வெட்டிடுவீங்களா?"

அட்டையைக் கையில் எடுத்தேன். அவள் விடவில்லை.

"ஏன் நின்னான்னு எனக்கே இன்னும் தெரியல. அதுக்குள்ள நீங்க தீர்ப்பு எழுதிட்டீங்க. நாளைக்கு வந்து நேர்ல பாருங்க."

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு விட்டுவிட்டுப் போனேன். பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். தலைமையாசிரியை கதவோரம் நின்றார். பட்டாணியின் அம்மாவும் வந்திருந்தாள்.

"வீட்ல எப்படி எண்ணுவீங்களோ, அப்படியே எண்ணுங்க" என்றாள் மனைவி.

"எண்ணுறதுக்குன்னு என்ன டீச்சர் இருக்கு? காலையில பால் குடிக்கிறப்ப எண்ணுவோம்."

மனைவி ஆயாவை அனுப்பிச் சூடாக ஒரு டம்ளர் பால் கொண்டுவரச் சொன்னாள். பட்டாணி டம்ளரின் மேல் குனிந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

நின்றாள். உதட்டைக் குவித்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஆறு" என்றாள் அம்மா.

பட்டாணி பாலை ஊதினாள். பிறகு மூச்சு விடாமல், "ஏழு, எட்டு, ஒம்பது" என்று இருபது வரை ஓடினாள்.

"ஐயையோ! இத்தனை நாளா ஆறு சொன்னது நான்தானா?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியைக்கு இன்னும் பிடிபடவில்லை. "அதனால என்ன?"

மனைவி ஆறு மணிகளை வரிசையாக வைத்தாள். பட்டாணி ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை எண்ணினாள். ஆறாவது மணியைத் தொட்டு, ஊதினாள்.

"பாப்பா, மணி சுடலையே."

பட்டாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆறிப்போச்சு."

தலைமையாசிரியை சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அட்டையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "வேற எழுதிக் கொண்டாங்க" என்றார். பெரிய வகுப்புக்குப் போவதற்குள் ஆறு என்பதும் ஓர் எண்தான் என்று பட்டாணிக்குப் புரியவைக்க மூன்று நாளே போதுமாக இருந்தது.

புது அட்டையையும் நான்தான் எழுதினேன். கட்டம் போதாமல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, ஊதியதையும் சேர்த்து எழுதினேன். அதற்குப் பிறகு எல்லா அட்டைகளிலும் துண்டு ஒட்டினோம். பசை டப்பா வாங்கியே ஓய்ந்துபோனோம்.

போன வருடம் அவள் போனது வருடத்தின் நடுவில். துக்கம் கேட்க வந்தவர்கள், "ஆறும், கொஞ்ச நாள்ல மனசு ஆறும்" என்றார்கள். எனக்கு டம்ளர் மேல் குனிந்த அந்த உருண்டை முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் இடத்துக்கு வந்த சின்ன டீச்சர் நோட்டைக் கேட்டு வந்தாள். படிக்க முடியவில்லை என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்து படியெடுத்தேன். கடைசிப் பக்கத்தில், ஒரு பிள்ளையைப் பற்றி, 'படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும்' என்று எழுதி நிறுத்தியிருந்தாள்.

"ஒவ்வொரு படியிலும் என்ன சார்? அழுவுறானா? ரெண்டு காலையும் வைக்கிறானா? அப்படித்தான் இருக்கும், எழுதிடுங்களேன்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நாளைக்கு அவன் இறங்குறப்ப நீங்களே பாருங்க."

பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வெற்றாக ஒட்டி அவளிடம் கொடுத்தேன்.