பதினைந்தாவது சீட்டு

"செம்ப இங்கிட்டுக் குடு. எங்க ஆத்தாவ நான் குளிப்பாட்டிக்கிறேன்."

சவரியாயி அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். பெரியநாயகம் மறுபேச்சில்லாமல் செம்பைக் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். வெந்நீர் பதமாக இருந்தது. விளாவி வைத்ததும் அவள்தான். மறைப்புக்குச் சேலை பிடித்து நின்ற நான்கு பேரும் அவளுடைய ஜெபமாலைச் சபைக்காரிகள்தான்.

குளிப்பாட்டி முடித்ததும் சவரியாயி வெள்ளைச் சேலையைத் தேடினாள். தகரப் பெட்டியில் இல்லை. கொடியிலும் இல்லை. பெரியநாயகம் குதிருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தாள்.

"இதுக்குன்னு ஆத்தாவே எடுத்து வச்சது."

ஆத்தா! சவரியாயிக்கும் பெரியநாயகத்துக்கும் ஒரே வயது, ஒரே தெரு. சிறு வயதில் சவரியாயியின் அம்மா இன்னாசியம்மாளைப் பெரியநாயகம் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். அது எப்போது ஆத்தாவாயிற்று? சவரியாயி கோட்டைப்பட்டினத்துக்கு வாக்கப்பட்டுப் பன்னிரண்டு வருடம். மாதா திருவிழாவுக்கு மட்டும் வருவாள். உலகச் சண்டை வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ் குறைந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

காலையில் அவள் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. "வந்துட்டியா" என்றாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு வாசலைப் பார்த்து, "பெரியநாயகம் எங்க?" என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு கை தலையணைக்கு அடியில் எதையோ துழாவியது. தாகம் என்று நினைத்து சவரியாயி வாயில் தண்ணீர் விட்டாள். உச்சிப்பொழுதுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

தலையணையைத் தூக்கியபோதுதான் அந்தச் சீட்டு கிடைத்தது. நாலாய் மடித்த பழுப்புத் தாள். அதில் ஒரு கிரீடம் வரைந்து, கீழே 15 என்று போட்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் மடியில் செருகிக்கொண்டாள்.

அம்மாவும் பெரியநாயகமும் இருந்த சபைக்கு ஜீவிய ஜெபமாலைச் சபை என்று பெயர். பதினைந்து பெண்கள். ஜெபமாலையின் தேவ இரகசியங்களும் பதினைந்து; கடைசியானது மாதாவுக்கு மோட்சத்தில் முடிசூட்டியது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து சீட்டுக் குலுக்குவார்கள். தனக்கு விழுந்த இரகசியத்தை ஒவ்வொருத்தியும் அந்த மாதம் முழுக்க, தினம் பத்து மணி உருட்டிச் சொல்ல வேண்டும். ஒருத்தி களத்தில் சொல்வாள், ஒருத்தி அடுப்படியில். பதினைந்தும் சேர்ந்தால் ஒரு முழு மாலை. ஒருத்தி விட்டாலும் அன்றைக்கு மாலை அறுந்தது. அதற்காகவே பொழுது சாய்ந்தால் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய், "சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள். கேட்கப் போன இடத்தில் காய்ச்சல் தெரியும். அடுப்பு எரியாதது தெரியும். அழுத முகம் தெரியும்.

சவரியாயி வீட்டு வாசலில் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் யாரும் வந்து எதையும் கேட்டதில்லை.

"என்னடி அது மூட்டை, நாறுது?" என்றாள் சபைக்காரிகளில் மூத்த கிழவி ரோசாப்பூ, சவரியாயி கொண்டுவந்ததைக் காட்டி.

"கருவாடு. ஆத்தாவுக்குப் பிடிக்குமேன்னு..."

"அவ கருவாட்டத் தொட்டு மூணு வருசமாச்சே. மாதாவுக்கு நேந்துக்கிட்ட பொருத்தனை. ஒனக்குச் சொல்லலியா?"

"பெரியம்மா, சும்மா இருங்க" என்றாள் பெரியநாயகம். அந்த இரக்கம்தான் சவரியாயிக்கு அதிகமாக எரிந்தது.

மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து தும்பா வந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான சவப்பெட்டி. வாசலில் இறக்கிவைத்துவிட்டு ஆண்கள் நிழலுக்குப் போனார்கள். உள்ளே சபையின் மற்ற பதினான்கு பெண்களும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முழு மாலையும் சொல்லித்தான் தூக்கணும்" என்றாள் பெரியநாயகம். "ஆத்தா இன்னைக்கு அவுகளோடத சொல்லல. பதினஞ்சாவத நானே சேத்துச் சொல்லிடுறேன். சீட்டத்தான் காணல."

"எங்கிட்ட இருக்கு" என்றாள் சவரியாயி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குடு சவரி."

"தரமாட்டேன்."

"அது சபைச் சீட்டும்மா."

"எங்க ஆத்தா தலமாட்டுல இருந்தது. எனக்குத்தான்."

"வச்சிருக்கவ சொல்லணும்டி" என்றாள் ரோசாப்பூ. "இன்னைக்கு மட்டுமில்ல. மாசம் முடியுற மட்டும், தெனமும். கடக்கரையில குந்திக்கிட்டு மீனு அறுப்பியா, இதச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சொன்னியான்னு அங்க வந்து யாரு கேக்குறது?"

சவரியாயி மடியில் இருந்த சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெரியநாயகம் அதைப் பார்த்தாள்.

"நான் காயிதம் போட்டுக் கேக்குறேன்" என்றாள். பிறகு ஜெபத்தைத் தொடங்கினாள்.

ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி நிறுத்திய இடத்தில் அடுத்தவள் எடுத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மாவும் இப்படித்தான் இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். வாசலில் வெயில் தும்பாவின் மேலிருந்து மெல்ல இறங்கியது. ஆண்கள் இரண்டு தடவை எட்டிப்பார்த்தார்கள். பதினான்காவது முடிந்தது. அடுத்தது சவரியாயியின் முறை.

சவரியாயியிடம் ஜெபமாலை இல்லை. ரோசாப்பூ தன்னுடையதை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, அம்மாவின் விரல்களில் சுற்றியிருந்த மாலையைத் தொட்டாள். சில்லென்ற விரல்களுக்கு இடையிலிருந்து முதல் மணியைத் தேடிப் பிடித்தாள்.

ஒன்று சொன்னாள். அடுத்த மணிக்கு அம்மாவின் விரலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

பதினான்கு பேரும் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.