கண்ணாடி இல்லாத வண்டி

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு அவருடைய நாய்க்கு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான் மகன். பின் சீட்டில் பழைய போர்வை விரித்தாயிற்று. நெஞ்சுப்பட்டையின் கொக்கிதான் பெல்ட்டில் சிக்காமல் வழுக்கியது. நாயோ, தையல்காரரிடம் அளவு கொடுக்கும் பணக்காரரைப்போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் தடவிக்கொடுத்தார்கள். “பாவம், நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலையாமே?” என்று அவனிடமே விசாரித்தார்கள். அவனும்தான் சாப்பிடவில்லை. கேட்க நாதியில்லை.

தங்கை தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு நாய் முடி பட்டால் மூச்சு இழுக்கும். அதனால் நாய் அண்ணன் தலையில் விழுந்திருந்தது.

“கிளம்புற நேரத்துல எதுவும் போட்டுடாதண்ணா, வாந்தி எடுக்கும். வழியில நிறுத்தி நிறுத்தித் தண்ணி காட்டு. ஜன்னல கொஞ்சமா எறக்கு. தலைய வெளிய நீட்டுனா கண்ணுல தூசி அடிக்கும்.”

“மொதலாளிக்கு ஏசி வேணாமா?”

“பின்ன, வேணாமா? டீ குடிக்க எறங்கினாலும் உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடாத.”

கிண்டல் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ‘மொதலாளி’ அப்பா வைத்த பெயர். கண்ணாடிக் கடை நடத்தியவர் அவர். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை விற்பதற்குள், வாங்க வந்தவரின் மூக்கையும் முழியையும் சேர்த்துப் புகழ்ந்துவிடுவார். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அந்தச் சரக்கு எப்போதும் இருப்பில் இல்லை. கடையில் அவன் ‘டேய்’. கடையை மூடிய பிறகு வந்து சேர்ந்த இது, மொதலாளி.

“இன்னொண்ணு. வளைவு வந்தா முன்னாடியே ‘வளைவு’ன்னு சொல்லிடு. அப்பா சொல்லுவாரு. அது காலை ஊனிக்கும்.”

அவன் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது.

“அது கண்ணாடிக்குச் சொல்றது.”

“எந்தக் கண்ணாடி? கடைய மூடி எத்தன வருஷமாச்சு?”

கொக்கி ‘கிளிக்’ என்று மாட்டிக்கொண்டது.

“நல்லாப் பாத்துக்குவேல்ல?” என்றாள்.

“ம்.”

பாதி வழியில், பெரிய சாலைக்கு இடப்பக்கம், ஒரு நாய் காப்பகம் இருந்தது. நாயை அங்கே விட்டுவிடக் காலையிலேயே போன் போட்டுப் பேசிவிட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை.

சிறுவயதில் கடை வேனின் பின்னால், சாக்கு சுற்றிய கண்ணாடிகளுக்கு நடுவே அவனைத்தான் உட்கார வைப்பார்கள். முன்னாலிருந்து “வளைவு!” என்று அப்பா குரல் வரும். காலை ஊன்றிக் கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொள்வான். ஒருமுறை வழியில் வாந்தி எடுத்தான். இறங்கி வந்த அப்பா முதலில் தடவிப் பார்த்தது கண்ணாடி விளிம்பை. அந்தச் சொல்லில் தனக்குப் பங்கில்லை என்று அன்றே கணக்கை முடித்துவிட்டான்.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு வளைவு வந்தது. வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. நாய் சறுக்கிக் கதவில் மோதியது. பெல்ட் இழுத்துப் பிடித்தது. குரைக்கவில்லை. எழுந்து நின்று, ஓட்டுபவரின் இருக்கையையே பார்த்தது. அடுத்த வளைவிலும் அப்படித்தான்.

“என்ன பாக்குற? எனக்கும் யாரும் சொல்லல,” என்றான்.

காப்பகத்தின் பலகை தெரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டான். வேகத்தைக் குறைத்தான்.

“வளைவு!”

அவன் வாயிலிருந்துதான் வந்தது. காருக்குள் இவ்வளவு சத்தம் தேவையில்லை. வேன் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய சத்தம் அது. கண்ணாடியில் பார்த்தான். நாய் நான்கு கால்களையும் ஊன்றி, இடப்பக்கம் சாய்ந்து, தயாராக நின்றது. கீழே, சும்மா கிடந்த அவனுடைய இடது காலும் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

பலகை பின்னால் போனது. கார் நேராகவே ஓடியது.

“திருப்பல மொதலாளி,” என்றான் கொஞ்ச தூரம் போன பிறகு. “சும்மா சொன்னேன்.”

இண்டிகேட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நாய் அவனை நம்பவில்லை, சாய்ந்தபடியே வந்தது.