செண்டுமல்லி தின்ற மீன்கள்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு மிக்ஸியில். கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டு மிக்ஸியில் மண்புழு அரைபடுவதைப் பார்த்துவிட்டு மாமா, "காலைல இதுலதான எனக்கு ஜூஸ் போட்ட?" என்று கேட்டார். "ஜூஸ் மொதல்ல போட்டேங்க, புழு அப்புறம்தான்" என்றாள் அக்கா. சிரித்து முடித்ததும் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

"எழுதிக்கோ. என் பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். அதனால் அக்கா அக்காவாகவே இருக்கிறாள்.

2.

முதல் தொடக்கம்: "மொட்டை மாடித் தொட்டியில் தங்கமீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன, அந்தி வானம்..."

வேண்டாம். தங்கமீன் தொட்டிக்கு வெளியே விழுந்தால்தான் துள்ளும்.

இரண்டாம் தொடக்கம்: "கடைத் தீனியின் விலை ஏற ஏற, அலங்கார மீன் வளர்ப்போர்..."

கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் விஷயம் அதுதான். அக்கா மாடியில் தங்கமீன் வளர்த்து விற்கிறாள். மீன் விற்று வருவதெல்லாம் மீன் தின்னும் தீனிக்கே போய்விடுகிறது. மாமா ஒருநாள் சொல்லிவிட்டார்: "போதும்மா. தொட்டியெல்லாம் காலி பண்ணிடலாம். நீ மறுபடி தையல் கம்பெனிக்கே போயிடு."

அந்தக் கம்பெனியில் அக்கா குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். நிமிர்ந்ததே மீன் வளர்க்க வந்த பிறகுதான். (இது அழகுக்காக எழுதிய வாக்கியம். தொட்டியைப் பார்க்கவும் குனியத்தான் வேண்டும். இருக்கட்டும், விட்டுவைக்கிறேன்.)

"ஒரே ஒரு தடவை நானே தீனி செஞ்சு பாக்குறேன்" என்று கேட்டாள். "கலர் வரலேன்னா நானே தொட்டியக் கவுத்துடுறேன்."

3.

தவிடு, கடலைப் புண்ணாக்கு, மண்புழு. நிறத்துக்கு, ஜூஸ் கடையில் வீசும் கேரட் தோலும் பூக்கடையில் வாடிப்போன செண்டுமல்லியும். அரைத்து, வேகவைத்து, பிசைந்து, காயவைத்து உதிர்த்தால் தீனி தயார். தங்கமீனின் ஆரஞ்சு நிறம் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. நிறம் இல்லாத மீனை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஒரே தாய்மீனின் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தாள். பாதிக்குக் கடைத் தீனி, பழைய கறுப்புத் தொட்டியில். பாதிக்குத் தன் தீனி, புதிதாக வாங்கிய வெள்ளைத் தொட்டியில்.

(மாமாவை வில்லனாக்க முதல் பிரதியில் எவ்வளவோ முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. பூக்கடைக்குப் போய்ப் பை நிறையச் செண்டுமல்லி கேட்டு வாங்கி வந்ததே அவர்தான். அக்கா தோற்பதைப் பார்க்கப் பயந்துதான் மூடச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, என்ன செய்ய.)

4.

மீன்கள் வளர்ந்தன. கறுப்புத் தொட்டியில் இருந்தவை நல்ல ஆரஞ்சு. வெள்ளைத் தொட்டியில் இருந்தவை, காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி வெளிறியிருந்தன.

அக்காதான் சொன்னாள். "வியாபாரிய வரச் சொல்லுங்க. இருக்கறத எடுத்துட்டுப் போகட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா அழுகிறாள். இன்னொன்றில் மழை பெய்கிறது. மூன்றாவதில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அவள் மெல்ல...

5.

மறுநாள் அவளுக்கே படித்துக் காட்டினேன். தொட்டி தேய்த்துக்கொண்டே கேட்டாள். "வெள்ளை வெளேரென்ற தொட்டியில் வெளிறிய மீன்கள், கறுப்புத் தொட்டியில் கனலும் மீன்கள்" என்ற இடம் வந்ததும் கை நின்றது. நான் மிகவும் ரசித்து எழுதிய வரி அது.

"இரு. அதத் திரும்பப் படி."

பாராட்டப் போகிறாள் என்று ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்.

"அட லூசே" என்றாள். என்னையா, தன்னையா, தெரியவில்லை. "வெள்ளைத் தொட்டில போட்டா எந்த மீனும் வெளுத்துத்தான் போகும். சுத்தி இருக்கற நெறத்துக்கு ஏத்த மாதிரி ஒடம்ப மாத்திக்கும். எனக்கு இது தெரியும்டீ. தெரிஞ்சும் இப்படிப் பண்ணியிருக்கேன்."

"அப்புறம் ஏன் அதுல விட்ட?"

"என் கையால சாப்பிடற புள்ளைங்களாச்சேன்னு புதுத் தொட்டி குடுத்தேன்." மறுபடி தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

(வரியை அழகுக்காகத்தான் எழுதினேன். எனக்கு மீனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.)

6.

மூன்று முடிவுகளும் குப்பைக்குப் போயின. வெளிறிய மீன்கள் இன்னொரு கறுப்புத் தொட்டிக்குப் போயின. மாமா வியாபாரிக்குப் போன் செய்து, "கொஞ்சம் பொறுத்து வாங்க" என்றார். என்ன காரணம் என்று அக்காவிடம் கேட்கக்கூட இல்லை.

சில வாரங்கள் கழித்து, இன்று வியாபாரி வருகிறார். அதற்கு முன்பே மாமா மாடி ஏறிவிட்டார். தண்ணீர் மாற்றும்போது அக்கா தொட்டிகளையும் இடம் மாற்றி வைத்திருந்தாள், வேண்டுமென்றேதான். மாமா ஒரு தொட்டியில் குனிந்து பார்த்தார். அடுத்ததில் பார்த்தார். மறுபடி முதல் தொட்டிக்கே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

பிறகு கேட்டார். "இதுல எது உன்னோடது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே கதவு தட்டுகிறார்கள். நான் எழுந்து போவதாக இல்லை, நீங்கள்தான் திறக்க வேண்டும். வியாபாரியோடு மேலே வாருங்கள், குனிந்து இரண்டு தொட்டிகளையும் நன்றாகப் பாருங்கள். எது எது என்று உங்களுக்கும் தெரியவில்லை என்றால், அதை மாமாவின் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.