வியாழக்கிழமைச் செம்மண்

அருவிக்குப் போகும் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் புருஷன் யோசிக்காமல் இடதுபக்கம் திரும்பினான். அவளுக்குப் பொறி தட்டியது. "இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல" என்று காலையில் காரை எடுக்கும்போது சொன்னவன்தானே இவன்?

"அந்தப் பாறைல கால் வைக்காத, வழுக்கும்," என்றான். பார்த்தால் காய்ந்த பாறை. வேண்டுமென்றே கால் வைத்தாள், வழுக்கியது. வியாழக்கிழமை ஓவர்டைம் என்று போனவன், ஷூவெல்லாம் செம்மண்ணோடு வந்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த லிஃப்டில் செம்மண்? கூட வருவதாக இருந்த அவள் அண்ணனும், ஆள் மலை மாதிரி இருந்துகொண்டு, குளியலறையில் கால் சுளுக்கிவிட்டதென்று கழன்றுகொண்டான். இவனுக்கு அது வசதியாகத்தான் போயிற்று.

பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்குபாலம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "எவகூட வந்தீங்க? மழுப்பாம சொல்லுங்க."

அவன் அசடு வழிந்தான். "உனக்கு உயரம்னா பயம். ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி லிஃப்டைக் காலியா ஓட்டிப் பாப்பேன்ல? அந்த மாதிரி தனியா வந்து நடந்து பாத்தேன்."

அவள் மனசு இளகப் பார்த்தது. ஆனால் இத்தனை வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவளாயிற்றே!

"காலியா ஓட்டினப்புறம் எடை ஏத்தியும் ஓட்டுவீங்களே. எடைக்கு யாரு?"

அவன் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்கண்ணன்தான். பாலம் தாங்கிடுச்சு. அந்தப் பாறைதான் அவரைக் கவுத்துடுச்சு."