பின் சீட்டுக்காரி

இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் பின் சீட்டுக்காரிக்கு பிரேக் கிடையாது, கியர் கிடையாது, திருப்ப ஹேண்டில்பாரும் கிடையாது. எனக்கு வாய்த்தது என் கணவன் கார்வினின் முதுகு. கல்யாணமான நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் டெக்சாஸ் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவதும் என் வேலை.

போன ஆகஸ்டில் இதே நூறு மைல் சவாரியில் அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பருத்திக் காட்டோரம் விழுந்து கத்தினான். காபிக் கடையில் வருடம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று அவனாக முடிவு கட்டிவிட்டான்.

இந்த வருடமும் நிறுத்தம்தோறும், வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட, வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றி வைத்திருந்தார்கள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன், உப்பு பிஸ்கட்டும் தின்றேன். ஊறுகாயை சாண்ட்விச்சில் வைப்பதோடு சரி என்று அவன் தொடவே இல்லை. வெறும் தண்ணீரையே பாட்டில் பாட்டிலாக இறக்கினான். அப்படியும் கெண்டைக்கால் இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் கேட்டான். என் பங்கையும் சேர்த்துக் கொடுத்தேன்.

மதியத்துக்குள் ஒரு முச்சந்தியைத் தாண்டாவிட்டால் குறுக்கு வழியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் மானமே அந்த முச்சந்தியில்தான் இருந்தது. அதற்கு முந்தைய நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றினான். விரல் வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றான். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் உதவி வண்டியில் ஏறிவிடலாம் என்றேன். காது கொடுத்துக் கேட்டால்தானே.

கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், முச்சந்தி வந்துவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடி அதையே கேட்டான். மறுபடியும். சைக்கிள் ரோட்டுக்கும் மண்ணுக்குமாக அலைந்தது.

"நிறுத்து, கார்வின்."

"பேசாம மிதி, ட்ரூடி."

எங்கள் பெடல்கள் சங்கிலியால் பிணைந்தவை. ஒருவர் காலை நிறுத்தினால் மற்றவராலும் மிதிக்க முடியாது. இத்தனை வருடத்தில் செய்யாததைச் செய்தேன். இரண்டு காலையும் இறுக்கி நிறுத்தினேன். அவன் திட்டிக்கொண்டே அழுத்தினான். என் தொடை முறுக்கிக்கொண்டு உயிர் போனது. விடவில்லை. வேகம் குறைந்து இருவரும் புல்லில் சாய்ந்தோம்.

உடனே பாட்டிலைத் திறந்து அவன் வாயில் வைத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? பின்னால் வந்த உதவி வண்டியிலிருந்து இறங்கிய பெண் அவன் விரலைப் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனி ஒரு சொட்டு குடுக்காதீங்க. உடம்புல உப்பில்லாம வெறும் தண்ணியா நெறஞ்சு கெடக்கு. மூளை வீங்கிரும்."

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து அத்தனை பாட்டிலையும் நீட்டியது இந்தக் கைதான். கார்வின் கண்ணைத் திறந்து, யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"மேடம், ட்ரூடி எங்க? பின்னாடிதானே உக்காந்திருந்தா. அவ பங்கையும் எனக்கே குடுத்துட்டா. அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."