கொரம்பில் செங்கோடன் இடம்

கோடையில் காவிரி இளைத்துவிட்டால் மோகனூர்ப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. அப்போது ஆற்றுக்குள் கொம்பு நட்டு, முள்ளும் தழையும் அடைத்து, மணலை அணைத்து ஒரு கரை போட்டுத் தண்ணீரைத் திருப்புவார்கள். அதுதான் கொரம்பு. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மறு வருடம் மறுபடியும் போடவேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கவேண்டும். கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். இறங்காத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது.

அந்த வருடம் ஓவர்சியர் ஒருவர் வந்தார். இனிமேல் கல்கட்டாம், இப்போது கொரம்பில் நிற்கிற வீடுகளைத்தான் தண்ணீர் முறைப் பட்டியலில் ஏற்றுவாராம். முதலில் கொரம்பு என்ற சொல்லுக்கு மூலமும் பொருளும் எழுதவேண்டும் என்றார். துணி விற்க வந்து மூட்டையோடு நின்ற என்னைக் கேட்டார். சரக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு. கொம்பு நட்டு அடைப்பதால் கொரம்பு என்று அளந்துவிட்டேன். முழம் போட்டுப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். பொருள், தற்காலிக மண்கரை.

வரிசையில் பெருமாயி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அவள் புருஷன் செங்கோடன் மேட்டூர் அணை வேலைக்குப் போய் மூன்று வருடம். கடுதாசி இல்லை. மூன்று கோடையும் அவளே இறங்கினாள். ஊர் பார்க்காததுபோல் இருந்தது. பட்டியல் என்றதும் கொழுந்தன் கருப்பண்ணனுக்கு வழக்கம் ஞாபகம் வந்துவிட்டது. பெண் நிற்பது செல்லாது, இடத்தைத் தன் பெயரில் எழுதுங்கள், அண்ணிக்கும் தண்ணீர் விடுகிறேன் என்றான். நல்ல பேரம். நானாயிருந்தால் முடித்திருப்பேன்.

ஓவர்சியர் பேனாவை எடுத்தார்.

"பொருளு கேட்டீங்களே, சாமி," என்றாள் பெருமாயி. "ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து நிக்கறதுதானுங்க கொரம்பு. இந்த மூணு வருசத்துல எங்கூட்டு இடத்துல தண்ணி ஒழுகுச்சான்னு கேளுங்க."

கேட்டார். இல்லை என்று வரிசையில் தலைகள் ஆடின. கருப்பண்ணன் தழைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓவர்சியர் 'செங்கோடன்' என்று எழுதி, உரக்கப் படித்தார்.

"இருக்காருங்க," என்றாள்.

கரையேறியதும் என்னிடம் வந்தாள். ஈரச்சேலையைப் பிழியக்கூட இல்லை. நான் மேட்டூருக்கும் துணி கொண்டுபோவது அவளுக்குத் தெரியும்.

"அவரைப் பாத்தா பேரு எழுதியாச்சுன்னு சொல்லுங்க. வரச் சொல்ல வேண்டாமுங்க."

மேட்டூர்க் கொட்டகைகளில் எத்தனை ஆயிரம் பேர், எத்தனை செங்கோடன்கள். சொல்கிறேன் என்றேன்.