கை இறுகும் நேரம்

பொத்தான்காரரின் வலது கைக்கு அந்த வருடம் விலை நூற்றுக்கு நான்கு. கையை யாரும் வாங்கவில்லை, அவரும் விற்கவில்லை. ஆனால் கொள்முதல் அறையில் அந்தக் கையைப் பிடித்தவர்கள் எல்லோரும், சொன்ன விலையில் நூற்றுக்கு நான்கைக் குறைத்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

தையல் சாமான் மொத்த வியாபாரத்தில் கையெழுத்தைவிடக் கைதான் சாட்சி. விலை படிந்ததும் கை கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் அவர் கை கொடுத்தால் எதிராளியின் மோதிரம் விரலில் அச்சாகப் பதிந்துவிடும். இப்போது சில மாதங்களாக அந்தக் கை, பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி வந்து விழுந்தது. முதலில் மாட்டியவர் ஜிப் தயாரிப்பாளர். கையைப் பிடித்ததுமே அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"என்னண்ணே, மனசே இல்லாம குடுக்கறீங்க?"

பதில் சொல்லத்தான் பொத்தான்காரர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய் காய்ந்து போவதும் அதே மாதங்களில் சேர்ந்து வந்த விருந்தாளிதான். இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த மௌனம் ஜிப்காரரை வியர்க்க வைத்தது.

"சரி, ரெண்டு கொறச்சுக்கறேன்."

கை அப்படியேதான் கிடந்தது. இறுக்கிப் பிடிக்க அவர் உள்ளுக்குள் முக்கிக்கொண்டிருந்தது எதிரே இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

"நாலு. இதுக்கு மேல கொறச்சா நான் விக்கறது ஜிப்பு இல்லண்ணே, என் தோலு!"

அதற்குள் விரல்களுக்குள் எங்கிருந்தோ பலம் ஊறி வந்தது. பிடி மெல்ல இறுகி, பழைய பிடியாயிற்று. ஜிப்காரர் பெருமூச்சு விட்டார். "இப்பத்தாண்ணே உங்களுக்கு மனசு வந்திருக்கு."

கடையில் பங்காளியான மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இதைப் பார்த்துப் பூரித்துப்போனான். அத்தானைப் போல நடிக்க ஆள் பிறக்கவில்லை என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தான். பொத்தான்காரர் மறுக்கவில்லை. நாலைந்து பேரங்கள் இப்படியே படிந்த பிறகு, உடம்பே தொழில் கற்றுக்கொண்டுவிட்டதாக அவரும் பாதி நம்பினார். லாபம் தரும் வியாதியை வியாதி என்று யார் சொல்வார்கள்?

மனைவி சொன்னாள். நாற்காலியிலிருந்து எழ அவருக்கு இரண்டு ஒத்திகை தேவைப்பட்டது. மாடிப்படியில் முதல் நாலு படிக்குக் கைப்பிடியைத் தேடியவர், மேல் படிகளை ஒன்றுமே நடக்காதவர் போல ஏறினார். எண்ணெய் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கு நின்று, தோற்கிற நேரத்தில் திறந்துவிட்டு, ஜெயித்த பயில்வான் மாதிரி அவளைப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் வேலை செய்யச் செய்யத்தான் அலுக்கும். உங்களுக்கு ஆரம்பத்துலயே அலுத்துட்டு அப்பறம் பலம் வருது. இது என்ன கணக்குங்க?" என்று கேட்டு, கேட்ட வாரமே நரம்பு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா கையை நீட்டினார். பழக்கதோஷம், பொத்தான்காரரும் நீட்டினார். துவண்ட கையை அந்தம்மா விடவில்லை. பிடி இறுகும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு கையில் பட்டையைக் கட்டி, மின்சாரத்தைச் சொடுக்கிச் சொடுக்கித் திரையைப் பார்த்தார். முதலில் குன்றாக இருந்த கோடு, கையை மூடித் திறக்கச் சொன்ன பிறகு மலையாக எழுந்தது.

"நரம்போட நுனியில பொடிப்பொடியா பைகள் இருக்கு. தசையை அசைக்கற ரசாயனம் அதுக்குள்ளதான். சேதி வந்ததும் ஒரு வாசல் திறக்கும், கால்சியம் உள்ள வரும். அது வந்தாத்தான் பையைப் புடிச்சிருக்கற புரதங்கள் அதைச் சுவரோட ஒட்டித் திறந்துவிடும். அந்த வாசலும் ஒரு புரதம்தான் சார். உங்களுக்கு வாசல்ல நிறைய அடைபட்டிருக்கு. சேதி மேல சேதி போச்சுன்னா, கொஞ்சம் கொஞ்சமா வந்த கால்சியம் உள்ளயே தேங்கும். அப்ப பைகள் திறக்கும். அதான் புடிக்கப் புடிக்க பலம் வருது."

"கிடங்குல சரக்கு இருக்கு, ஆர்டரும் வந்தாச்சு. வாசல்ல நிக்கற ஆளுங்களத்தான் காணோம்கறீங்க."

"காணாம போகல. உங்க உடம்பே அவங்களைப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கு."

"என்ன குத்தத்துக்கும்மா?" அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சில பேருக்குக் காரணமே இருக்காது. சில பேருக்கு உள்ள கட்டி ரூபத்துல வேற ஒரு திருடன் நுழைஞ்சிருப்பான். அவன் சாடையும் இந்த வாசல்காரங்க சாடையும் ஒண்ணா இருக்கும். அவனைப் புடிக்கப்போய் உடம்பு இவங்களையும் புடிச்சிடும். சிகரெட் எத்தனை வருஷமா சார்?"

"மீசை வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து."

"நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

"எக்ஸ்ரே போதாதா?"

"போதாது."

"சீசன் முடிஞ்சு எடுத்துக்கறேனே."

"நாளைக்கு. திருடன் இருந்தா, கை காட்டிக்கொடுத்ததால சீக்கிரம் புடிச்சோம்னு அர்த்தம். கைக்கு மாத்திரை இருக்கு, பலம் வரும். ஆனா மாத்திரை வாசலைத்தான் பாத்துக்கும்."

அவர் இன்னொரு விலை சொல்ல வாயெடுத்தார். மனைவி பையைத் தோளில் மாட்டினாள். "இவங்க கடையில பேரம் கெடையாது. எந்திரிங்க."

கடையில் மச்சானிடம் மாத்திரையை மட்டும் சொன்னார். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தான், நாளைக்கு லைனிங் துணி மில்லுக்காரர் வர்றார். வருஷத்துலயே பெரிய கொள்முதல். அது முடிஞ்சு மாத்திரையை ஆரம்பிங்களேன். கை சரியாயிட்டா நாலு பர்சென்ட் போயிடும்."

"நாளைக்கு நான் வரல. நீயே கை குடு."

"என் கைய புடிச்சா அவர் விலைய ஏத்துவார் அத்தான்!"

அன்று மாலை அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் மறுபடி முதல் படிக்குப் போய்விடும். பொத்தான் அலமாரிக்கும் நூல்கண்டு அடுக்குக்கும் நடுவே போனார், வந்தார். பற்றவைக்காத சிகரெட் விரலிடுக்கில் கசங்கியது. கையை மூடினார், திறந்தார், மூடினார். இந்தக் கையை நம்பித்தானே இத்தனை மாதம் விலை பேசினோம்? ஜிப்காரர் எதைக் கண்டு பயந்து குறைத்தார்? கட்டிய வீடு, கடை, மச்சானின் பங்கு என்று யோசித்து, ஒன்றிலும் மனம் நிற்காமல் மறுபடி கையிடமே வந்தார். ஒரு மடையன், விரல் நுனியில் திருடன் எழுதிப்போட்ட கடிதத்தைப் படிக்கத் தெரியாமல், அதைக் கொண்டுபோய்க் கமிஷன் வாங்கியிருக்கிறான்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், இழுத்தார். விடச் சொல்லும்வரை விடவில்லை. பிறகு டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சில், மனைவியின் மடியில் ஸ்கேன் முடிவு இருந்த பழுப்பு உறையோடு காத்திருந்தார்கள். அவருடைய போன் அதிர்ந்தது. மச்சானாகத்தான் இருக்கும், எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முதல் ஒத்திகையில் எழ முடியவில்லை. மனைவி எழுந்து நின்று கையை நீட்டினாள். அவர் கை அவள் கைக்குள் துவண்டு விழுந்தது. அவள் இழுக்கவில்லை. பிடித்தபடி நின்றாள்.

இந்த இடத்தில்தான் எதிரே இருப்பவர் குறைப்பது வழக்கம். பொத்தான்காரர் காத்திருந்தார். யாரும் ஒன்றும் குறைக்கவில்லை. விரல்களில் மெல்ல, அதன் கணக்குக்கு, பலம் ஏறத் தொடங்கியது. எழுகிற நேரத்தில்கூட அவர் மனம் கணக்கைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தது. வரவு, நூற்றுக்கு நான்கு. செலவு, ஒரு லைனிங் கொள்முதல், ஒரு டப்பா மாத்திரை, மீசைக்கு முந்திய நாளிலிருந்து இழுத்த புகை. பாக்கி, அவளுடைய இன்னொரு கையில், ஒட்டுப் பிரிக்காத உறைக்குள்.